இன்றிரவே சொல்வதா, விசாரித்துவிட்டுச் சொல்வதா? – இல்லத்தில் வேலை செய்பவள் கேட்கிறேன்

மாலை ஷிஃப்ட் | வியாழன் இரவு 9.50

வணக்கம். தென்சென்னை ஓரத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு இல்லத்தில் இரண்டு வருடமாகக் கேர்டேக்கராக இருக்கிறேன். இல்லத்தின் பெயர் வேண்டாம்.

12 வயதுப் பெண் ஒருத்தி. பத்துப் பதினைந்து சொல்தான் பேசுவாள். மீதியெல்லாம் கை, கண், அப்புறம் படம் ஒட்டிய அட்டைகள். தினமும் வேனில் தெரபிக்குப் போய் வருவாள். முன்பெல்லாம் ஹாரன் சத்தம் கேட்டாலே செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடுவாள். மூன்று வாரமாக ஹாரன் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். பிடிவாதம் என்று நினைத்து இழுத்து ஏற்றியிருக்கிறோம். நானும்தான்.

இன்று மாலை தலை வாரிக்கொண்டிருந்தேன். என் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "அண்ணா... ச்சீ" என்றாள். இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வேன் படம் போட்ட அட்டையைத் தேடி எடுத்து என் மடியில் வைத்தாள்.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அவன் ஏழு வருஷமா ஓட்டுறான். அவளுக்குப் பேச்சே வராது. நாளைக்கு டிரஸ்டி வரட்டும், நாமே கூப்பிட்டு விசாரிப்போம். வெளியில வாயைத் திறக்காதே" என்றார்.

நாளை காலை எட்டரைக்கு வேன் வரும். ஒன்றுமே நடந்திருக்காமலும் இருக்கலாம். ஒரு ஆளின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்ட பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் கட்டிலுக்கு அடியில் அவள் கால் மட்டும் தெரிந்தது கண்ணிலேயே நிற்கிறது. என்ன செய்வது?

பழைய வார்டன் | வியாழன் இரவு 10.05

தங்கச்சி, முதலில் ஒன்று. அவளிடம் இன்னொரு தடவை கேட்காதே. டிரஸ்டியும் கேட்க வேண்டாம், டாக்டரம்மாவும் கேட்க வேண்டாம்.

நான் 28 வருடம் பெண்பிள்ளைகள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். 1992இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோதுதான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆரம்ப நாட்களில் ஒரு பிள்ளை என்னிடம் ஒன்று சொன்னாள். உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று நான் அஞ்சு தடவை கேட்டேன். அஞ்சாவது தடவை "இல்லம்மா, அப்படி எதுவும் இல்லை" என்றாள். அப்பாடா என்று நானும் விட்டுவிட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்ன பதில் தப்பு என்றுதானே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்? அவளும் நான் விரும்பிய பதிலைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாளோ.

தூங்கும் முன் ஒரு தாளில் எழுது. எத்தனை மணி, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், அவள் என்ன செய்தாள், என்ன சொன்னாள். "ச்சீ" என்றால் ச்சீ என்றே எழுது. அதை நீ "தொந்தரவு" என்று மாற்றினால் அது உன் சொல் ஆகிவிடும். மூன்று வாரமாகக் கட்டிலுக்கு அடியில் போனதையும், உனக்கு நினைவிருக்கிற தேதிகளோடு எழுது. கையெழுத்துப் போட்டு, நேரம் போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுக்காதே. "நீ சொன்னது நல்லது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்.

நாளை அவள் வேனில் ஏறக் கூடாது. காய்ச்சல் என்றாவது சொல். மற்றப் பிள்ளைகளையும் முடிந்தால் நிறுத்து.

கோர்ட் வராண்டா | வியாழன் இரவு 10.20

வார்டனம்மா சொன்னது அத்தனையும் சரி. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். இலவசச் சட்ட உதவியில் போக்சோ வழக்குகள் பார்க்கிறேன்.

நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. போக்சோ என்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்தது என்று தெரிந்தவரை மட்டும் பேசவில்லை. நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரையும் சேர்த்துத்தான் தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது. உங்களுக்கு இப்போது இருப்பது அந்த அச்சம்தான். தொடவே இல்லை என்றாலும்கூட, பாலியல் நோக்கத்தோடு குழந்தைக்கு ஆபாசப் படம் காட்டுவதே 11ஆவது பிரிவில் குற்றம். 3 வருடம் வரை சிறை.

தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவர் விஷயத்தில் மறைத்தால் ஒரு வருடம் வரை போகலாம். உங்கள் சூப்பர்வைசரும் டிரஸ்டியும் இதை இன்றே படிக்க வேண்டும்.

நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. அதுவும் 19ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டுதான். ஆனால் அது ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ வேண்டுமென்றே புனைந்து சொல்பவருக்கு. பயந்து சொல்பவருக்கு இல்லை.

குழந்தைகள் உதவி எண் 1098. இரவிலும் எடுப்பார்கள். ஆனால் சட்டம் கைகாட்டுவது உள்ளூர்க் காவல் நிலையத்தையும் சிறப்பு சிறார் காவல் பிரிவையும். அதனால் 1098இல் சொல்லிவிட்டு மகளிர் ஸ்டேஷனிலும் எழுத்தில் கொடுங்கள். பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகத் தேவையில்லை. அவள் இருக்கும் இடத்துக்கு அவர்கள்தான் வர வேண்டும். கூடியவரை எஸ்ஐ நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். பேச்சு வராத பிள்ளை என்றால் அவள் மொழி தெரிந்த ஸ்பெஷல் எஜுகேட்டரை உடன் வைத்துக்கொள்ள 26ஆவது பிரிவு இடம் தருகிறது. இதை நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். கேட்காவிட்டால் மறந்துவிடுவார்கள்.

இல்லம் நடத்துகிறேன் | வியாழன் இரவு 10.40

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. ஆவடிப் பக்கம் சிறிய இல்லம் ஒன்று நடத்துகிறேன். ஒரே ஒரு புகார் போதும், டிவி வண்டி வாசலில் நிற்கும். டோனர்கள் நின்றுவிடுவார்கள். பிள்ளைகளைப் பிரித்து நாலு ஊருக்கு அனுப்புவார்கள். ஒன்பது வருடமாக ஒரே கட்டிலில் தூங்குகிற பிள்ளைக்கு இடம் மாறினால் என்ன ஆகும் என்று இல்லத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் இடத்தில் முன்பு சமையல்காரர் ஒருவர் மேல் எழுந்த பேச்சு பொய் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அந்த மனிதர் ஊரையே விட்டுப் போய்விட்டார். ஒரு நாள் உள்ளே விசாரித்துவிட்டு, உண்மை இருந்தால் புகார் கொடுப்பதில் என்ன தப்பு? மறைக்கச் சொல்லவில்லை. ஒரு நாள்தான் கேட்கிறேன்.

பழைய வார்டன் | வியாழன் இரவு 10.55

தம்பி, உங்கள் பயம் நியாயமானது. நானும் அதே பயத்தோடு வேலை பார்த்தவள்தான். ஆனால் அந்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்று பாருங்கள். டிரஸ்டி டிரைவரைக் கூப்பிட்டு "இப்படிப் பேச்சு வந்திருக்கு, என்னப்பா?" என்று கேட்பார். சாயந்திரத்துக்குள் அந்தப் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அப்புறம் பிள்ளையை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டி வருவார்கள், அவனும் ஓரமாக நிற்பான். அவள் வாயைத் திறப்பாளா?

அவன் ஒன்றும் செய்யவில்லை என்றால், அதை நிரூபிக்கப் போகிறதும் அதே போன்தான். அதை அழிக்க வாய்ப்பே இல்லாத நேரத்தில் பார்த்தால்தான் அவனுக்கும் நல்லது.

2018இல் சென்னை அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். காது சரியாகக் கேட்காத 11 வயதுப் பிள்ளை. குற்றம்சாட்டப்பட்டவர்களில் பலர் அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்தவர்கள், தினமும் பார்த்துப் பழகிய முகங்கள். சொல்லத் தெரியாத பிள்ளையைத்தான் இப்படிப்பட்டவர்கள் தேடிப் பிடிப்பார்கள். தங்கச்சி, "அவளுக்குப் பேச்சே வராது" என்று உன் சூப்பர்வைசர் சொன்ன காரணம்தான் எனக்கு அதிகப் பயத்தைத் தருகிறது.

மாலை ஷிஃப்ட் | வியாழன் இரவு 11.50

1098க்கு அடித்தேன். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பின்னால் நின்று பேசினேன், கை நடுங்கியது. அந்தப் பக்கம் பேசிய பெண் அவசரப்படுத்தவே இல்லை. அவள் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். இப்போது அவள் பத்திரமாக இருக்கிறாளா, அந்த ஆள் இன்றிரவு வளாகத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். அவள் பத்திரம், ஆள் இல்லை என்றேன். காலையில் ஆள் வருவார்கள் என்றார். விடிந்ததும் மகளிர் ஸ்டேஷனுக்கு எழுத்தில் கொடுக்கிறேன். அவளை என் பாயிலேயே படுக்க வைத்திருக்கிறேன்.

கோர்ட் வராண்டா | வெள்ளி காலை 6.10

நல்லது செய்தீர்கள். இனி ஒன்று. புகார் ஆனபின் பிள்ளையைக் கண்டுபிடிக்கும்படியான எந்தத் தகவலும் பொதுவெளியில் வரக் கூடாது. ஊர், பள்ளி, வேன், எதுவும். இங்கும் அதிகம் எழுதாதீர்கள்.

மாலை ஷிஃப்ட் | வெள்ளி காலை 6.25

புரிகிறது சார். வயதையும் வேறு சில அடையாளங்களையும் முதலிலேயே மாற்றித்தான் எழுதினேன்.

மகனின் அப்பா | வெள்ளி மதியம் 1.15

இந்த இழையைக் காலையிலிருந்து நாலு தடவை படித்துவிட்டேன். வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 24 வயது, அறிவு ஆறு வயதுப் பிள்ளையுடையது. பகல்நேர மையம் ஒன்றுக்குப் போய்வந்தான். ஒரு நாள் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்தான். கேட்டதற்கு "ஈரம், சார் அடி" என்றான். மையத்தில் கேட்டால், தண்ணீர் கொட்டிக்கொண்டான், மாற்றினோம் என்றார்கள். முதுகில் ஒரு தடம். 1098இல் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் 18 வயதுக்கு மேல் என்றால் தங்களிடம் வராது என்றார்கள். ஸ்டேஷனில் "உங்க பையன் வந்து சொல்வாரா?" என்று கேட்டார்கள். மையத்தை நிறுத்திவிட்டோம். அவன் வீட்டிலேயே இருக்கிறான். அவன் அம்மா வேலையை விட்டுவிட்டாள். அங்கே இன்னும் முப்பது பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

18ஆவது பிறந்தநாள் முடிந்த மறுநாள் காலையில் என் பிள்ளைக்கு எந்தப் புத்தியும் கூடிவிடவில்லை. எங்களைச் சுற்றி இருந்த வேலி மட்டும் விலகிவிட்டது. இவனுக்கு என்ன இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.

கோர்ட் வராண்டா | வெள்ளி மாலை 5.40

ஐயா, நீங்கள் தொட்டது உண்மையான ஓட்டை. இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லியில் மூளை முடக்குவாதம் உள்ள 38 வயதுப் பெண்ணின் தாய், மகளின் மன வயதைக் கணக்கில் எடுத்துப் போக்சோவில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். 2017இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டம் சொல்லும் வயது உடல் வயதுதான், மன வயதைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்றது.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவில், கொடுமை நடக்கிறது என்று தெரிந்த யாரும் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்ட்ரேட்) தகவல் கொடுக்கலாம். பெற்றோராக இருக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் போதும். அதே சட்டத்தின் 92ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 5 வருடம் வரை தண்டனை. "பையன் வந்து சொல்வாரா" என்று கேட்டு உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. முதுகின் தடத்தைப் போட்டோ எடுத்து அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்திருந்தால் அதுவே பேசும். இப்போதும் எழுத்தில் கொடுக்கலாம். இன்னொன்று, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சட்டப்படியான பாதுகாவலராக உங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதைச் செய்யும். 18 தாண்டியபின் பெற்றோர் என்பதே சட்டப்படி போதாது. பலருக்கு இது தெரியாது.

ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போவது, பிள்ளை பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்பது, இந்த மூன்றும் பெரியவர்களுக்கு ஒரே இடத்தில் இல்லை. நீங்களே அலைந்துதான் ஒவ்வொன்றையும் கூட்ட வேண்டியிருக்கிறது.

நைட் டியூட்டி | சனி காலை 7.30

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன், படுக்கும் முன் எழுதிவிடுகிறேன். அண்ணா நகர்ப் பக்கம் ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ். முதியோர் பக்கத்தை யாரும் பேசவில்லை.

போன வருடம் ஒரு பாட்டிக்குப் பகல் டியூட்டி மாறிப் போனேன். இரவுக்கு வேறொரு பெண். குளிப்பாட்டும்போது மேல்கையின் உள்பக்கம் நாலு நீலப் பொட்டு, வெளிப்பக்கம் ஒன்று. விழுந்தால் அங்கே அடிபடாது. ஒரு கை அழுத்திப் பிடித்தால்தான் அப்படி வரும். கட்டில் கம்பியில் துப்பட்டாவைக் கிழித்த ஒரு துண்டு, முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே வளையமாகத் தொங்கியது. அந்த வளையம் பாட்டியின் மணிக்கட்டு அளவு.

பாட்டிக்கு நினைவு நன்றாக இருந்தது. "பையன்கிட்ட சொல்லாதேம்மா. இந்தப் பொண்ணும் போயிட்டா ராத்திரி என்னை யார் தூக்குவா?" என்றார். இங்கேதான் பிள்ளைக்கும் பெரியவருக்கும் வித்தியாசம். பிள்ளை சொல்லாதே என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாட்டி சுயநினைவோடு இருக்கிறவர், அவரைத் தாண்டி அவர் வாழ்க்கையை நான் முடிவு செய்தால் நானும் அவரைக் கட்டிப்போட்ட மாதிரிதான். இரண்டு நாள் அவரிடம் பேசினேன். யார் தூக்குவார்கள் என்பதுதான் அவர் பயம் என்று புரிந்ததும், முதலில் இரவுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்ய வழி இருக்கிறதா என்று பார்த்தேன். கிடைத்தது. அதன்பின் அவரே மகனைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினார். மறதி நோய் முற்றியவராக இருந்திருந்தால் இப்படிக் காத்திருக்க மாட்டேன், அன்றே சொல்லியிருப்பேன்.

முதியோர் உதவி எண் 14567. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதன் கவனம் ஜீவனாம்சத்திலும் சொத்திலும். முதியவரைக் கைவிட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை என்கிறது. கம்பியில் தொங்குகிற வளையத்தைப் பற்றி யார் கேட்கிறார்கள்? 2001இல் ஏர்வாடி மனநோயாளிகள் இல்லத்தில் சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் தீயில் போனார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. வீட்டுக் கட்டில்களில் துப்பட்டாவும் வேட்டியும் இன்னும் இருக்கின்றன.

அந்த இரவுப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக ஒரு நாள்கூட லீவு இல்லாமல் அங்கேயே இருந்திருக்கிறாள். இரவில் நாலைந்து தடவை எழுந்து தூக்க வேண்டும். அவள் செய்தது தப்புத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவளுக்கு மாற்று ஆள் அனுப்பாத ஏஜென்சியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இல்லம் நடத்துகிறேன் | சனி இரவு 9.00

வார்டனம்மா போனைப் பற்றிச் சொன்னது மனதிலேயே நின்றது. உள்ளே விசாரிப்பது எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். அது எங்கள் பெயரைத்தான் காப்பாற்றும்போல. இன்று என் ஊழியர் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள்படி எல்லோருக்கும் காவல் சரிபார்ப்பு இருக்க வேண்டும். 14 பேரில் 5 பேருக்கு ஆதார் நகல் மட்டும்தான் இருக்கிறது. டிரைவர் அந்த 5 பேரில் ஒருவர்.

பழைய வார்டன் | சனி இரவு 9.20

எல்லோருக்கும் சரிபார்ப்பு வாங்கிவிடுங்கள் தம்பி. ஆனால் சரிபார்ப்பு என்பது ஏற்கெனவே பிடிபட்டவனைத்தான் காட்டிக் கொடுக்கும். வேனில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். குளியலறைப் பக்கமும் வேனிலும் சொந்தப் போன் கூடாது. டோனராக இருந்தாலும் பிள்ளையோடு தனியறை கிடையாது. இதை நீங்களே முதலில் கடைப்பிடியுங்கள். ஓனரே கடைப்பிடித்தால் டிரைவர் முறைக்க மாட்டான்.

மாலை ஷிஃப்ட் | இரண்டு வாரம் கடந்து, ஞாயிறு

பலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள். வழக்கு நடக்கிறது, அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அன்று வந்த பெண் எஸ்ஐ சுடிதாரில்தான் வந்தார். தரையில் உட்கார்ந்தார். அவளுடைய ஸ்பெஷல் எஜுகேட்டரை வரவழைக்க நான் கேட்டதும் சரி என்றார். ஆனால் பாதியில் ஒரு இடத்தில் எல்லோருமே நின்றுவிட்டோம். அவளுடைய அட்டைகளில் இட்லி இருக்கிறது, பஸ் இருக்கிறது, டாய்லெட் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது. உடம்பின் படம் இல்லை. "வேண்டாம்" என்பதற்கு அட்டை இல்லை. "இவர் என்னை" என்று தொடங்க ஒரு படமும் இல்லை. இரண்டு வருடமாக அந்த அட்டைகளை நான்தான் துடைத்து அடுக்கி வைக்கிறேன். எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பசித்தால் கேட்க வழி செய்து கொடுத்திருக்கிறோம், பயந்தால் சொல்ல வழியில்லை. அவள் போனைக் கவிழ்த்து, கண்ணை மூடி, வேன் அட்டையை எடுத்து வைத்தாளே, இருந்ததை வைத்துக்கொண்டு அவளாகவே செய்த வாக்கியம் அது.

சூப்பர்வைசர் என்னோடு பேசுவதில்லை. ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். மாலையில் அரை மணி நேரம் அவளைப் பார்க்க விடுகிறார்கள். பால் வண்டி ஹாரன் அடித்தாலும் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் போகிறாள். இப்போது யாரும் இழுப்பதில்லை. நான் இருந்தால் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

மகனின் அப்பா | ஞாயிறு மாலை

அம்மா, அந்த அட்டைகளை நீங்கள் செய்யும்போது எனக்கும் ஒரு கட்டு வேண்டும். என் மகனிடமும் "வேண்டாம்" இல்லை, இன்றுதான் தேடிப் பார்த்தேன். நிர்வாக நடுவருக்கு மனு எழுதிவிட்டேன், திங்கள் கொடுக்கிறேன்.

மாலை ஷிஃப்ட் | ஞாயிறு இரவு

ஒன்பது அட்டை முடித்திருக்கிறேன் ஐயா. முன்பக்க உடம்பு, பின்பக்க உடம்பு, வேண்டாம், நிறுத்து, வலி, பயம், ரகசியம், வீட்டுக்குப் போகணும், நீ என் கூட வா. "ரகசியம்" சரியாக வரவில்லை, வாயில் விரல் வைத்த படத்தைப் பார்த்து "சத்தம் போடாதே" என்று புரிந்துகொள்கிறாள். வரையத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். லேமினேஷனுக்கு ஆகும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.